நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தோம், நான்கு வரி வந்தது

எங்கள் ரத்ததானக் குழுவில் அப்போது முப்பத்தெட்டு பேர் இருந்தோம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், கிடைக்கிற நேரத்தில் ஓடுகிறவர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், அந்த ரத்த வகை யாரிடம் இருக்கிறது, அவர் கடைசியாக எப்போது கொடுத்தார் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, தூங்குகிறவரை எழுப்பி அனுப்புவது என் வேலை. முப்பத்தெட்டு பெயரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த நோட்டைப் புரட்டியவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஐந்தாம் ஆண்டு முகாமைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைகளில் செய்தி வரவேண்டும், அதைப் பார்த்துப் புதியவர்கள் சேரவேண்டும் என்று முடிவு செய்தோம். செயலாளர் என்பதால் அந்தப் பொறுப்பும் எனக்கே வந்தது. ஏழு மாதம் அலைந்தேன். இரண்டு வருடச் சந்தாப் பணம் கரைந்தது. குழுவுக்குள் மனஸ்தாபம் வேறு. விவரம் தெரிந்த ஒருவர் ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. இப்போது இதே வேலையில் இறங்கியிருக்கிற ஒருவருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முகாமுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த தேதி ஜூன் 14. உலக ரத்ததானத் தினம். ரத்தத்தில் வகைகள் இருப்பதை 1901-ல் கண்டுபிடித்துச் சொன்ன கார்ல் லேண்ட்ஸ்டைனரின் பிறந்தநாள் அது. 2004-லிருந்து உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான நாள் எது என்றுதான் நினைத்தோம். முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்து ஐந்தரை மணிக்கு எல்லாப் பத்திரிகைகளின் பொது மின்னஞ்சலுக்கும் எங்கள் குறிப்பை அனுப்பினேன். நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்கக் குழு தொடங்கிய கதை. இரண்டாம் பக்கத்தில் சிறப்பு விருந்தினர்கள் பதினொரு பேரின் பெயர்கள், பட்டங்களும் பதவிகளும் விடாமல். மூன்றாம் பக்கத்தில் தலைவர் உரை. முகாம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது நான்காம் பக்கத்தின் அடியில். தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் தெரியவேண்டும் என்பதற்காக அச்செடுத்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது அது. அனுப்பி முடித்ததும் பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

மறுநாள் எந்தப் பத்திரிகையிலிருந்தும் யாரும் வரவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கேமராவுமாக ஒருவர் வந்தார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார், தலைவரிடம் இரண்டு கேள்வி கேட்டார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, செய்தி பெரிதாக வரவேண்டும் என்றால் செலவு இருக்கிறது, மற்ற பத்திரிகைகளுக்கும் நானே கொடுத்துவிடுகிறேன் என்றார். நன்கொடைப் பெட்டியில் அன்று சேர்ந்த தொகை முழுவதையும் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை, கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம். ஒரு வாரம் காலையில் எழுந்ததும் பத்திரிகைகளைப் புரட்டினேன். ஒன்றிலும் இல்லை. அவர் கொடுத்திருந்த போன் எண்ணும் பிறகு வேலை செய்யவில்லை. கேட்கக்கூடாது என்ற தயக்கத்தை விட்டுவிட்டு ஒரு நாள் அவர் சொன்ன பத்திரிகையின் அலுவலகத்துக்குப் போன் செய்தால், அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்றார்கள். பெட்டியில் பணம் போட்டவர்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேச முடியவில்லை.

இதிலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்தி போடப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும், எந்த அட்டை போட்டிருந்தாலும், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து வருவதற்குப் பெயர் விளம்பரம். அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, கட்டண அட்டை இருக்கிறது, ரசீது இருக்கிறது. சந்தேகம் வந்தால் கொஞ்சமும் கூச்சப்படாமல் அலுவலக எண்ணுக்குப் போன் செய்து, இன்னார் உங்கள் நிருபரா என்று கேட்கலாம். உண்மையான நிருபர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, தங்கள் பெயரைச் சொல்லி வேறு ஆட்கள் ஏமாற்றுவது அவர்களுக்கும் தலைவலிதான்.

அந்த அடிக்குப் பிறகு, சரி, முறையாகவே போவோம் என்று ஒரு பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் கொடுத்தோம். பணம் பெரும்பாலும் போனது இங்கேதான். மேலே தலைவர் படம், கீழே நிர்வாகிகள் படம், நடுவில் வாழ்த்து. அதைப் பார்த்து இரண்டே பேர் போன் செய்தார்கள், அதில் ஒருவர் அடுத்த விளம்பரத்தைத் தங்கள் பத்திரிகைக்குத் தரச்சொல்லிக் கேட்டவர். விளம்பரமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் படிக்கிற ஒருவர் எங்கே வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. எங்கள் முகம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அன்று இது எனக்குப் புரியவில்லை, ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று அவர்கள் மேல் வருத்தப்பட்டேன்.

அக்டோபரில் இன்னொரு முகாம் வைத்தோம். இந்த முறை ஒரு பத்திரிகையின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் நான்கு வரி வந்தது. வந்த தேதி தவறு. முகாம் ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையில் சனிக்கிழமை தேதி. சனிக்கிழமை காலை பூட்டின மண்டபத்துக்கு முன்னால் ஒன்பது பேர் வந்து நின்றிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் சொல்லி நான் ஓடிப்போனபோது நான்கு பேர்தான் மிச்சம். ஒரு அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ‘இவனுக்கு இதுதாம்மா முதல் தடவை, ராத்திரியே சீக்கிரம் தூங்க வச்சேன்’ என்றார். கோபப்படவே இல்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. அந்தப் பையன் மறுநாள் வரவில்லை.

உண்மையில் எனக்குப் பத்திரிகை மேல்தான் கோபம். திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நேராக அலுவலகத்துக்கே போனேன். உள்ளூர்ப் பக்கத்தைப் பார்க்கிறவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அப்புறம் நான் அனுப்பியிருந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் சனிக்கிழமை தேதி இருந்தது, மூன்றாம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தேதி. மண்டபம் கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் மாற்றியபோது ஒரு இடத்தில் மட்டும் மாற்றியிருக்கிறேன். தப்பு என்னுடையது. அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். ‘ஏம்மா, இது ஸ்கேன் பண்ணின படம். இதுலேருந்து ஒரு எழுத்தைக்கூட எடுத்து ஒட்ட முடியாது, நான் உட்கார்ந்து அடிக்கணும். இதோ பாரு’ என்று அன்றைய மின்னஞ்சல்களை உருட்டிக் காட்டினார். திரை மூன்று நான்கு முறை கீழே போனது. எல்லாம் என்னைப் போன்றவர்கள் அனுப்பியவை. சிலது பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பியவை, திறந்தால் வெறும் குறியீடுகளாக நின்றன. ‘ஜூன் பதினாலுன்னு சொன்னியே, அன்னிக்கு ரத்ததானம்னு மட்டும் எத்தனை வருது தெரியுமா? எல்லாத்துலயும் அதே படம், அதே வரிசை.’ பிறகு, உங்கள் குழுவுக்கு என்ன அவசரம், ஏன் இப்போது ஆள் வேண்டும் என்று கேட்டார். நான் யோசிக்காமல் மனதில் இருந்ததைச் சொன்னேன். நீண்ட விடுமுறை வந்தாலே எங்களுக்குப் பயம் சார், கொடுக்கிறவர்கள் எல்லாம் வெளியூர் போய்விடுவார்கள், சிவப்பணுக்களையாவது குளிரில் 35 நாள், 42 நாள் வரை வைக்கலாம், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் பொதுவாக 5 நாள்தான் தாங்கும், முன்கூட்டிச் சேர்த்து வைக்கவே முடியாது, புற்றுநோய் வார்டில் இருக்கிறவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள் என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். ‘அஞ்சு நாள்தானா? இதை ஏம்மா நாலு பக்கத்துல எங்கேயும் எழுதலே?’

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து வருடமாகத் தினமும் என் கையில் இருந்த விஷயம் அது. நான் எழுதியதோ யார் தலைமை, யார் முன்னிலை என்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நிருபர் நமக்குச் செய்யவேண்டியது உபகாரம் என்றும், நாம் நல்ல காரியம் செய்கிறோம், அதனால் போடவேண்டும் என்றும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கோ மாலைக்குள் நிரப்பவேண்டிய பக்கம் இருக்கிறது, அதைப் படிக்கிறவருக்கு ஏதாவது புதிதாகத் தெரியவேண்டும், தேவைப்படவேண்டும். அதைக் கையில் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார்.

அவர் அன்று சொன்னதையும் பிறகு நானே விழுந்து எழுந்து கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன். நேரம்தான் முதலில். நாளிதழ்களில் காலையில் இன்று என்ன எடுக்கலாம் என்று பேசி வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள், சாயங்காலம் ஆக ஆகப் பக்கம் முடிக்கிற அவசரம் ஏறிவிடும். ஐந்தரை மணிக்குப் போன் செய்து ‘சார், எங்கள் செய்தி வந்ததா’ என்று கேட்கிறவரிடம் யாருக்கும் பேச நேரம் இருக்காது. நான் இப்போது காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் மட்டும்தான் பேசுகிறேன். இணைப்பிதழ்கள் முன்கூட்டியே முடிந்துவிடும், அதற்கு இரண்டு வாரம் முன்னதாக அனுப்பவேண்டும், மாத இதழ் என்றால் இரண்டு மாதமாவது. ஒவ்வொரு இடத்துக்கும் இது மாறும், அதனால் ‘எத்தனை மணிக்குள் அனுப்பினால் உங்களுக்கு வசதி?’ என்று ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே மரியாதை கிடைக்கிறது. விடுமுறை நாட்களில் அலுவலகங்கள் மூடியிருப்பதால் செய்தி குறைவாக வரும், அந்த நாட்களில் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லாரும் அனுப்புகிற தினத்தை விட்டு நகர்ந்து நில்லுங்கள்.

குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் இரண்டு வாக்கியத்தில் என்ன, யார், எங்கே, எப்போது, ஏன் எல்லாம் வந்துவிடவேண்டும், ஏனென்றால் இடம் போதாவிட்டால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். நான்காம் பக்கத்து அடியில் இடத்தையும் நேரத்தையும் வைத்த நான் அதை அவர்களிடமே வெட்டக் கொடுத்திருக்கிறேன். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று குழுவுக்கு வெளியே இருக்கிற ஒருவரிடம் காட்டுங்கள், கொடுத்திருக்கிற போன் எண்ணை வேறு ஒரு போனிலிருந்து அடித்துப் பாருங்கள். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் திறக்கிற யூனிகோடில் அடித்து, மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி அனுப்புங்கள், கையெழுத்தும் முத்திரையும் யாருக்கும் தேவைப்படவில்லை. பொருள் என்ற இடத்தில் ‘செய்தி வெளியிட வேண்டுதல்’ என்று போடாமல் விஷயத்தையே போடுங்கள். பொது முகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காமல், உங்கள் பகுதியைப் பற்றி யார் பெயரில் செய்தி வருகிறது என்று ஒரு மாதம் படித்துப் பார்த்து அவரைத் தேடிப் பிடியுங்கள். பகுதிநேர நிருபர்கள் பலருக்கு வந்த செய்திக்குத்தான் காசு, தயாராக இருக்கிற செய்தி அவர்களுக்கும் நல்லது.

படம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும், நாங்கள் ஒரு நல்ல வாய்ப்பை இதில் இழந்தோம். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அச்சில் கலங்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பவேண்டும், இல்லையென்றால் மின்னஞ்சலில். ஆறு அங்குல அகலத்துக்கு அச்சிட வேண்டுமென்றால் குறுக்கே 1200 புள்ளியாவது (பிக்சல்) இருந்தால்தான் செய்தித்தாளில் தெளிவாக வரும். இருபது பேர் வரிசையாக நிற்கிற படத்தில் யார் முகமும் தெரியாது. இரண்டு மூன்று பேர், ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது எடுத்தது போதும். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள், எழுத்துப்பிழை இல்லாமல். படத்தில் இருப்பவரிடம் முன்பே சம்மதம் வாங்குங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். நோயாளியின் பெயரையோ நோயையோ எழுதவே எழுதாதீர்கள்.

டிசம்பரில் அந்தப் பெரியவர் அனுப்பிய நிருபர் வந்தார். எங்கள் குழுவில் பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணன் இருக்கிறார், தொடர்ந்து தட்டணு கொடுக்கிறவர். தட்டணுவை மட்டும் பிரித்தெடுக்கிற இயந்திரத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்கவேண்டும், அதற்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவார். நிருபர் அவரிடம் மட்டும் பேசினார், மேடையைப் படம் எடுக்கவில்லை. ‘அஞ்சு நாள்ல காலாவதியாகிற மருந்துன்னா நாம சும்மா இருப்போமா, அப்படித்தான் நினைச்சுக்குவேன்’ என்று அவர் சொன்னதே தலைப்பாக வந்தது. விடுமுறை வாரத்தின் முதல் நாள், உள்ளூர்ப் பக்கத்தின் மேலே. எங்கள் தலைவர் பெயர் அதில் இல்லை. அவர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஐந்து வருடமாகக் கைக்காசு போட்டுக் குழுவை நடத்தியவர், அவர் வருத்தம் நியாயமானதுதான். செய்தியில் யார் வருவது என்பது நம் கையில் இல்லை என்று கூட்டம் போட்டு முதலிலேயே பேசியிருக்கவேண்டும், அதை நான் செய்யவில்லை. நீங்கள் செய்துவிடுங்கள்.

இன்னொன்றுக்கும் நாங்கள் தயாராக இல்லை. காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முதல் போன். பதினொன்றுக்குள் நாற்பதைத் தாண்டியது. கொடுத்திருந்தது என் ஒரு எண்தான், நானோ வேலையில். எடுக்காமல் விட்ட அழைப்புகளுக்கு ராத்திரி திரும்பக் கூப்பிட்டபோது பாதிப் பேருக்கு அந்த ஆர்வம் ஆறிப்போயிருந்தது. இத்தனை மாதம் எதற்காக அலைந்தேனோ அது வாசலில் வந்து நின்று திரும்பிப் போனதைப் போல இருந்தது. அதனால் செய்தி வருவதற்கு முன்பே இரண்டு எண், எடுக்க இரண்டு பேர், கேட்டு எழுத ஒரு தாள், பெயர், வயது, வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, எப்போது வரமுடியும் என்பது வரை தயாராக வையுங்கள். எல்லாராலும் கொடுக்க முடியாது, வயது, எடை, இரண்டு தடவைக்கு நடுவில் விடவேண்டிய இடைவெளி இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அந்த விவரத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பண்பலையும் சமுதாய வானொலியும் பத்திரிகையைவிட எங்களுக்குச் சுலபமாக இருந்தன. அரை நிமிட அறிவிப்புக்கு ஐம்பது அறுபது சொல் போதும். கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசித்துப் பார்த்து, போன் எண் இரண்டு முறை வருகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்.

பிப்ரவரி முகாமில் ஒரு இளைஞர் ரத்தம் கொடுத்து எழுந்ததும் மயங்கிவிட்டார். படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் சில நிமிடத்தில் தெளிந்து சிரித்துக்கொண்டே போனார், முதல் முறை கொடுக்கிறவர்களுக்குச் சில நேரம் நடப்பதுதான். ஆனால் யாரோ எடுத்த வீடியோ சுற்ற ஆரம்பித்துவிட்டது. நிருபர் போன் செய்தபோது போனை எடுக்காதே என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் கை நடுங்கியது. ஆனால் எடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லி, பக்கத்தில் இருந்த மருத்துவரையும் பேசவைத்தேன். 1906-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தின்போது, மூடி மறைக்காமல் ஐவி லீ என்பவர் ரயில்வே சார்பில் விவரங்களை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்ததைத்தான் முதல் பத்திரிகைக் குறிப்பு என்று பலரும் சொல்கிறார்கள் என்பதைப் பின்னால் ஒரு இடத்தில் படித்தேன். கெட்டது நடந்த அன்று பேசாமல் இருந்துவிட்டு, நல்லது நடக்கிற அன்று மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்கள்? அந்த வீடியோ செய்தியாக வரவில்லை. மயங்கினால் என்ன செய்வது என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது, அதில் எங்கள் எண்ணும் இருந்தது.

நோட்டில் இப்போது நூற்றுப் பதினான்கு பெயர். சந்தாவில் விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை, இந்த வருடமும் புது நாற்காலி வாங்கவில்லை. பூட்டின மண்டபத்தின் முன்னால் நின்ற அந்தப் பையனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது இன்றும் உறுத்துகிறது. போன வாரம் காலை பதினொரு மணிக்குப் பெரியவரே கூப்பிட்டார். ‘அடுத்த மாசம் நாலு நாள் சேர்ந்தாப்பல லீவு வருதே, உங்க பிளேட்லெட் கதி என்ன? வியாழக்கிழமைக்குள்ள எழுதி அனுப்பு, ஒரு பக்கம்தான்’ என்றார். புதன்கிழமையே அனுப்பிவிட்டேன், தேதியையும் கிழமையையும் மூன்று பேரிடம் காட்டிவிட்டு.